பதினொரு மரண அறிவித்தல்கள்

அக்கா பதினொரு பேரைக் கொன்றபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒருவரையும் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னை யார் காப்பாற்றுவார்கள் என்பதுதான் எந்த நேரமும் என் யோசனை.

அந்தப் பதினொரு பேரில் பத்துப் பேர் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். ஒருவர் மட்டும் பிறகு உண்மையாகவே நோய் வந்து போனார், அதற்கும் அக்காவுக்கும் தொடர்பில்லை. அக்கா கொன்றது எல்லாம் கடதாசியில்.

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் போகிற தெருவில் எங்கள் அச்சகம். இப்போதெல்லாம் கலியாணத்துக்குப் போனிலேயே அழைப்பு அனுப்பிவிடுகிறார்கள். சாவுக்கு மட்டும் இன்னும் கடதாசி வேண்டியிருக்கிறது. மதிலில், மின்கம்பத்தில், சந்திக் கடையின் கதவில் படத்தோடு ஒட்டினால்தான் செத்ததாகக் கணக்கு. எங்கள் மூன்று பேருக்கும், அதாவது முதலாளி, அக்கா, நான், அந்த மரண அறிவித்தல்கள்தான் சோறு. அக்கா கொம்பியூட்டரில் படத்தையும் எழுத்தையும் அமைப்பார். நான் மெசினில் அடிப்பேன், பிறகு கடதாசி வெட்டும் மெசினில் ஓரம் வெட்டி அடுக்குவேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதப் படித்ததெல்லாம் அந்த அறிவித்தல்களில்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர். இந்த நாலு வசனம்தான் எனக்குத் தெரிந்த இலக்கணம். அதனால் அக்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். பெயர், ஊர், உறவு என்று வரிசையாகப் போட ஆரம்பித்தால் என் கை தானாகவே ‘காலமானார்’ என்று முடித்துவிடும்.

கூடப்பிறந்த அக்கா அல்ல, அவருடைய ஊரும் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து ஆட்களோடு யாழ்ப்பாணமாகக் கதைப்பார், கொட்டாஞ்சேனையோடு கொட்டாஞ்சேனையாகக் கதைப்பார், திட்டுவதற்கு மட்டும் சிங்களம். ஓவியம் படித்தவர் என்று முதலாளி சொன்னார். பரீட்சைக்கு வைத்த தன் ஓவியத்தைப் பரிசோதகரின் முன்னாலேயே கிழித்து அவருடைய மேசையில் குவித்துவிட்டு வெளியே வந்தவராம். உண்மையா என்று ஒருநாள் கேட்டேன். “கிழிக்கேல்ல, கொளுத்தினனான்” என்றார்.

முதலில் கொன்றது எங்கள் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தவரை. ஒவ்வொரு செவ்வாயும் மனைவியை அடிப்பார். ஏன் செவ்வாய் என்று தெரியாது. நாங்கள் கீழே மெசினின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வோம். ஒரு செவ்வாய் அந்தப் பெண் வாயில் சேலைத் தலைப்பை அழுத்திக்கொண்டு படியில் இறங்கி வந்தார். தலைப்பில் இரண்டு பல் இருந்தது. அக்கா தன் மேசைக்குப் போனார். அந்த வீட்டுக் கலியாணக் கார்டு நாங்கள் அடித்ததுதான், மாப்பிள்ளையின் படம் கொம்பியூட்டரில் கிடந்தது. ஒரு மணித்தியாலத்தில் புரூஃப் என் கையில்.

“கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் மேல்மாடியை வசிப்பிடமாகவும் கொண்டவர், மனைவியின் இரண்டு பற்களை உடைத்த கடந்த செவ்வாய்க்கிழமை காலமானார். அன்னார், கேட்டும் கேளாமல் இருந்த இந்தத் தெருவின் அன்பு மகனும், பல் இழந்தவரின் அன்புக் கணவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: சத்தம் கேட்டவர்கள்.”

நாற்பது பிரதி. மேலே ஒரு குத்துவிளக்கு, நாலு பக்கமும் கறுப்புக் கரை. பார்த்தவுடன் கை கூப்பத் தோன்றும்.

ஒட்டுகிற வேலையையும் அக்காதான் செய்தார், பட்டப்பகலில். கோதுமை மாவில், பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, ஒரு வாளி, தடவ ஒரு தும்புக்கட்டை. “இரவில ஒட்டினா கள்ளன் எண்டுவாங்கள். பகலில வெள்ளைச் சீலை கட்டி ஒட்டினா செத்தவீட்டுக்காரி எண்டு வழி விடுவாங்கள்.” உண்மைதான். மின்கம்பத்தடியில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்து வாசித்த பிறகுதான் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

மேல்மாடிக்காரர் மறுநாள் இரும்புக் குழாயோடு வந்தார். நான் கடதாசிக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்ததுதான். அக்காவின் மேசையில் கோடு போட இரண்டடி நீள உருக்கு அடிமட்டம் ஒன்று கிடக்கும். அதன் விளிம்பால் அந்த ஆளின் நெற்றியில் ஒரே அடி. நெற்றி வாய் திறந்த மாதிரி பிளந்தது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே இருந்துவிட்டார். அக்காவின் தோளிலும் குழாய் பட்டிருந்தது, கை தூக்க முடியவில்லை. அந்தக் கையைத் தொங்கவிட்டபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்:

“டேய், பேப்பரில ரத்தம் படுது. எடுத்து மற்றப் பக்கம் வையடா.”

அந்த ஆள் அந்த மாதமே கொட்டாஞ்சேனையை விட்டுப் போனார். அடிபட்டதற்காக அல்ல. தெருவில் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். பிரேதம் போகும்போது நிற்கிற மாதிரி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

என் பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பூட்டிய பூட்டை ஏழு தரம் இழுத்துப் பார்க்கிறவன் நான். கடதாசி வெட்டும் மெசினில் ஒரு பெரிய சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றினால் ஓர் இரும்புக் கட்டை இறங்கிக் கடதாசிக் கட்டை அசையாமல் அழுத்திப் பிடிக்கும், பிறகுதான் கத்தி. ஒவ்வொரு தரமும் சக்கரத்தைத் தொடமுன்னர் என் பத்து விரலையும் எண்ணுவேன். அக்காவோ இறங்குகிற கட்டைக்குக் கீழே சர்வசாதாரணமாகக் கையை விட்டுத் துண்டுக் கடதாசியை இழுப்பார். நான் கத்துவேன்.

“கத்தாதயடா பயந்தாங்கொள்ளி. நீ சுத்தாமல் அது இறங்காது.”

ஒரேயொரு தரம் அக்கா எனக்கு அடித்திருக்கிறார். அக்கா கொன்ற மூன்றாவது ஆள் ஒரு ரியூசன் மாஸ்டர், வெள்ளவத்தை. பாடம் சொல்லிக் கொடுக்கிற சாட்டில் பெண் பிள்ளைகளின் முதுகைத் தடவுகிறவர். பெரிய இடத்து ஆட்களின் பிள்ளைகள் எல்லாம் அவரிடம் படித்தன. எனக்கு நித்திரை இல்லை. அச்சடிக்கமுன்னர் ஒரேயொரு சொல்லை மாற்றினேன். ‘காலமானார்’ என்று இருந்ததை ‘கடும் சுகவீனமுற்றுள்ளார்’ என்று ஆக்கினேன். அறுபது பிரதி. அக்கா வெள்ளவத்தையில் பத்துப் பதினைந்தை ஒட்டிய பிறகுதான் கவனித்திருக்கிறார். பசை வாளியோடு பஸ் ஏறித் திரும்பி வந்து வாசலில் வைத்தே ஓங்கி ஒன்று விட்டார். இடது காது மூன்று நாள் இரைந்தது.

“என்ர ஆளை ஆசுப்பத்திரியில போட்டு வச்சிருக்கிறியோ? நாளைக்குச் சுகமாகி வீட்ட வந்திடுவான். பிள்ளையளுக்கு நீயோ பதில் சொல்லுறது?”

“அக்கா, அவர் உயிரோட இருக்கிறார்தானே...”

“அதுதானேடா பிழை!”

மறுநாள் திரும்ப அறுபது அடித்தேன். காலமானார்.

அக்கா ஆட்களை ஒரு தரம் கொன்றுவிட்டு விடுகிறவரும் அல்ல. நம்மவர்களுக்கு முப்பத்தோராம் நாள் இருக்கிறது, ஓராண்டு நினைவஞ்சலி இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அதே படத்தோடு அதே மதிலில் நினைவஞ்சலி ஒட்டுவார். ஆள் உயிரோடு அந்த மதிலைத் தாண்டிப் பாண் வாங்கப் போவார். ஒரு வருடம் கழிய ஓராண்டு. “மறந்துபோனா அவன் எழும்பிடுவான்” என்பார்.

இது பரவியது. எங்கிருந்தென்றே தெரியாமல் போன்களில் அறிவித்தல்கள் வரத் தொடங்கின. தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்ற சனங்கள் ‘எரிவாயு அவர்கள் காலமானார்’ என்று கறுப்புக் கரை போட்டுத் தூக்கிப் பிடித்தார்கள். கொட்டாஞ்சேனைப் பொடியள் ஒரு பாட்டுக் கட்டினார்கள், அடிக்கு அடி ‘அன்னார், அன்னார்’ என்று வரும். குத்துவிளக்கும் கறுப்புக் கரையும் போட்ட ரீசேட் புறக்கோட்டை நடைபாதையில் தொங்கியது. அதையெல்லாம் நான் அக்காவுக்குக் காட்டினேன், சந்தோசப்படுவார் என்று. பென்சிலின் அடியைக் கடித்துத் துப்பினார்.

“காஸ் சிலிண்டரைக் கொல்லுறதுக்கு என்ன தைரியம் வேணும்? சிலிண்டர் திருப்பி அடிக்குமே? ஆளைக் கொல்லச் சொல்லு.”

இந்தப் புகழ் பணக்காரர் இருக்கிற கறுவாத்தோட்டம் வரைக்கும் போய், ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஆட்கள் இருவர் அச்சகத்துக்கு வந்தார்கள். ஒரு மிஸ், ஒரு ஐயா. அறிவித்தல்களைக் கண்ணாடி போட்டு வெள்ளை மண்டபத்தில் மாட்டப் போவதாகச் சொன்னார்கள். அக்கா எட்டுப் பிரதியைக் கொடுத்தார். திறப்பு விழா அன்று பின்னேரம் என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போனார். கையில் பசை வாளி. சேலைக்குள் சுத்தியல் இருந்தது எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் எல்லோரும் கிளாஸ் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடிக்காரரின் படத்துக்கு முன்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளைத் தோளில் தொட்டு ஒதுக்கிவிட்டு, சுத்தியலால் கண்ணாடியை அடித்தார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கண்ணாடி என் சப்பாத்து வரைக்கும் தெறித்தது. மூன்றாவதில் அக்காவின் மணிக்கட்டு வெட்டுப்பட்டு ரத்தம் முழங்கை வழியாக வடிந்தது. அப்போதுதான் அது நடந்தது. அவர்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே “சூப்பர், சூப்பர்” என்றார்.

அக்காவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. குழாயோடு வந்தவனைப் பார்த்தபோதுகூட இல்லை. மிச்சம் ஐந்தையும் உடைத்துக் கடதாசியை உருவியெடுத்து, வெளியே போய்த் தெருப்பக்கத்து மதிலில் ஒட்டினார். பசையில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வந்தது. நான் உள்ளே போய்க் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினேன், யாருக்காவது காலில் குத்திவிடுமே என்று.

திரும்பி வரும்போது ஓட்டோவில் சொன்னார்: “கண்ணாடிக்குள்ள போட்டா அது வெறும் படமடா. மழையில நனையோணும். ஆடு கடிக்கப் பாக்கோணும். செத்தவன் அதைத் தாண்டி நடக்கோணும்.” இறங்கும்போது, “கை தட்டுறாங்கள், நாயள்” என்றார்.

இனிப் பதினோராவது ஆள்.

துறைமுகப் பக்கமாக ஒரு தோட்டம் இருந்தது. தோட்டமென்றால் மரஞ்செடி இல்லை, ஒரே சுவரை இரண்டு வீட்டுக்குப் பங்குபோட்ட பலகை வீடுகள். அந்த இடத்தில் மாடி எழுப்ப ஒரு கட்டடக்காரர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், சனங்கள் எழும்பவில்லை. ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, எல்லோரும் வேலைக்குப் போன நேரம், ஒரே தரத்தில் நாலு பக்கத்தாலும் தீப்பிடித்தது. காஸ் சிலிண்டர் வெடித்தது என்று எழுதினார்கள். நாலு பக்கத்தாலும் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலோடு கிடந்த ஒரு வயோதிபரை மட்டும் யாராலும் தூக்க முடியவில்லை. அவருடைய உண்மையான மரண அறிவித்தலை நாங்கள்தான் அடித்தோம். படம் கேட்டபோது மகள் சொன்னார், “படமும் எரிஞ்சு போச்சு.” படம் இருக்கவேண்டிய இடத்தை அக்கா வெறும் கட்டமாக விட்டார்.

கட்டடக்காரரின் படம் எங்களிடம் இருந்தது. அவருடைய நாட்காட்டியை வருடா வருடம் அடிப்பது நாங்கள்தான். சிரித்த முகம்.

கட்டடக்காரரின் அறிவித்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு பொலிஸ் சார்ஜன் வந்திருந்தார். பத்தாவது அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு, “மேக கெஹுவே கவுத?” என்று கேட்டார். இதை அடித்தது யார் என்று. முதலாளி தெரியாது என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்களிடமிருந்து போகிற எல்லாவற்றின் அடியிலும் அச்சகத்தின் பெயரும் தெருவும் போன் நம்பரும் சின்ன எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். அக்காவின் அறிவித்தல்களில் மட்டும் அதை நான் எடுத்துவிடுவேன். அக்காவின் கட்டளை.

“அச்சக வரி இல்லாம ஒரு துண்டும் வெளியே போகக்கூடாது, விளங்குதா?” என்றார் முதலாளி. “சட்டம் அது. நாளைக்கு உள்ளே போடறதுன்னா அந்தம்மாவை இல்ல, மெசின்ல நின்ன உன்னைத்தான் போடுவாங்க.”

நான் ஏழு இரவு கணக்காக யோசித்தேன். வரியைப் போட்டால் கட்டடக்காரர். போடாவிட்டால் பொலிஸ். கடைசியில் பயந்தவன் கண்டுபிடிக்கிற வழியைக் கண்டுபிடித்தேன். வரியை இருக்கவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்கி, கறுப்பைச் சாம்பல் நிறமாக்கினேன். பொலிஸ் கேட்டால் இருக்கிறது. மற்றவர் பார்த்தால் இல்லை.

அக்கா புரூஃப் பார்ப்பது எப்போதும் ஒரே மாதிரித்தான். சிவப்புப் பேனையை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரி போடுவார். பிழை இருந்தால் கடதாசியைக் கசக்கி என் முகத்தில் எறிவார். இல்லையென்றால் சுவரிலிருக்கும் கம்பியில் தானே குத்திவிட்டு “அடி” என்பார். அன்று நான் மெசினுக்குப் பின்னால் நின்று எண்ணெய் போடுவதுபோல் பாவனை செய்தேன். நீண்ட நேரம் பார்த்தார். கம்பியில் குத்தினார்.

“அடி” என்றார்.

வரியை அக்கா காணவில்லை என்று நினைத்தேன்.

“அன்னார், தீக்குச்சியின் அன்பு மகனும், சிலிண்டரின் அன்புச் சகோதரரும் ஆவார். தகவல்: கட்டிலிலிருந்து எழும்ப முடியாதவர்.” தமிழிலும் சிங்களத்திலும் இருநூறு பிரதி. முகத்துவாரம் தொடங்கி வெள்ளவத்தை வரைக்கும் மூன்று பகல் ஒட்டினார்.

நாலாம் நாள் மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நானும் அக்காவும் சோத்துப் பார்சலை அவிழ்த்தோம், நான் ஒரு வாய் வைத்தேன். அவர்களில் முன்னால் வந்தவர் நல்ல சுத்தமான வெள்ளைச் சேட் போட்டிருந்தார். மற்ற இருவரும் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வெள்ளைச் சேட்காரர் அறிவித்தலை மேசையில் விரித்து, போனை அதன் அடியில் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினார். சாம்பல் எழுத்தில் எங்கள் தெரு, எங்கள் நம்பர்.

“இதச் செஞ்சது யாரு?”

“நான்” என்றார் அக்கா. வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டு இன்னொரு தரம் சொன்னார். “நான்தான்.”

“தனியாவா?”

“எனக்கு வேற ஆள் எதுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். என் பார்சல் கீழே விழுந்தது. நானும்தான் என்று சொல்லியிருக்கலாம். வரியைப் போட்டது நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

“அவனை விடுங்கோ” என்றார் அக்கா, நாக்கூசாமல். “எழுத்துக்கூட்டவே தெரியாது அவனுக்கு. மடையன். மெசின் சுத்திறவன்.”

வெள்ளைச் சேட்காரர் திரும்பிக் கடதாசி வெட்டும் மெசினைப் பார்த்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், துருக் கறல் ஒட்டுகிறதா என்பதுபோல.

“அப்படின்னா சுத்தட்டும்” என்றார்.

இருவரும் அக்காவைப் பிடித்தார்கள். ஒருவனின் காதைக் கடித்துவிட்டார், அவன் அலறினான், மற்றவன் அக்காவின் தலையை மெசினின் விளிம்பில் இரண்டு தரம் மோதினான். வலது கையை மணிக்கட்டு வரைக்கும் இரும்புக் கட்டைக்குக் கீழே வைத்தார்கள். என் பின்கழுத்தில் ஏதோ குளிராக முட்டியது. அது என்னவென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, இன்றுவரைக்கும் தெரியாது.

நான் சக்கரத்தைப் பிடித்தேன். விரல்களை எண்ணினேன். பழக்கம். எண்ணும்போது, கட்டைக்குக் கீழே இருந்த ஐந்து அக்காவுடையது என்று விளங்கியது.

“அக்கா” என்றேன்.

“சுத்து” என்றார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. “நடுவில நிப்பாட்டாத. நேராச் சுத்து.”

சுத்தினேன். அக்கா கத்தவில்லை, சிங்களத்தில் அவர்களின் பரம்பரையைத் திட்டிக்கொண்டேயிருந்தார். நடுவில் திட்டு நின்று மூச்சு மட்டும் வந்தது. கடதாசிக் கட்டுக்குள் பென்சில் ஒன்று தெரியாமல் மாட்டிக்கொண்டால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம். பிறகு இன்னும் சில பென்சில்கள்.

அவர்கள் போன பிறகு சக்கரத்தை மறுபக்கம் சுத்திக் கையை எடுத்தேன். அது கை மாதிரி இருக்கவில்லை. சக்கரத்தில் என் ஐந்து விரலும் பருப்புக் கறியின் மஞ்சளாகப் பதிந்திருந்தன. கழுவாத கை.

ஆசுப்பத்திரிக்கு ஓட்டோவில் போகும்போது அந்தக் கையைத் துவாயில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன்.

“அக்கா, அந்த வரி...”

“வாயை மூடு. ரோட்டைப் பார்.”

மருதானைத் திருப்பத்தில் ஓட்டோ குலுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “நீ சாப்பிட்டு முடிச்சியோ?”

டொக்டரிடம் மெசினில் பட்டது என்றார். பொலிசிடமும் அதையேதான். இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்தேன். மூன்றாம் நாள் பிளாஸ்கில் சூப்போடு போனபோது கட்டிலில் வேறொருவர் கிடந்தார். அக்கா இருந்த வீட்டு அறையும் காலி. போன் வேலை செய்யவில்லை.

அந்தக் கிழமையே முதலாளி பழைய புரூஃப் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கட்டடக்காரரின் புரூஃப் மேலேதான் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் சிவப்புச் சரி. பெயருக்கு ஒன்று. காலமானாருக்கு ஒன்று. தகவலுக்கு ஒன்று. அதற்கும் கீழே, சாம்பல் வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரே சொல்.

“இருக்கட்டும்.”

அங்கேயே குந்திவிட்டேன். கண்டிருக்கிறார். கண்டும் “அடி” என்றிருக்கிறார். அந்த மத்தியானம் என்னை மடையன் என்று சொன்னபோதும் தெரிந்திருந்தது, சுத்து என்று சொன்னபோதும் தெரிந்திருந்தது. என்னுடைய பயத்துக்கு விட்டுக்கொடுத்தாரா, இல்லை, தன் வேலையின் அடியில் முகவரி இருக்கட்டும் என்று நினைத்தாரா? அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. மற்றதை எல்லாம் எரித்தேன்.

இது நடந்து ஒரு வருடமும் சில நாளும். போன கிழமை வெள்ளவத்தைக்கு ஒரு வீட்டுக்கு அறிவித்தல் கட்டுக் கொண்டுபோனேன், உண்மையான செத்தவீடு. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையின் மதிலில், ரயில் பாதைக்குக் கொஞ்சம் முன்னால், கறுப்புக் கரை போட்ட ஒன்று. அச்சடித்ததல்ல. தூரிகையால் எழுதியது. எழுத்துக்கள் எல்லாம் குடித்து வெறித்தவன் நடக்கிற மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தன. குத்துவிளக்கு கோணல். முகத்தில் மட்டும் பிழையில்லை, அதே சிரிப்பு.

ஓராண்டு நினைவஞ்சலி.

கட்டடக்காரருக்கு. மேல் மூலை கடற்காற்றில் உரிந்து படபடத்துக்கொண்டிருந்தது.

என் சரித்திரத்தில் நான் வெளியே நின்று அக்காவின் அறிவித்தல் ஒன்றைத் தொட்டது கிடையாது. சுற்றிப் பார்த்தேன், வழக்கம்போல. பிறகு உரிந்த மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். பசை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மயில்துத்தம் போட்ட அதே பசையின் வாசம்.

கோயிலால் வந்த அம்மா ஒருவர், கையில் அர்ச்சனைத் தட்டோடு, நின்று படத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“சொந்தக்காரரோ, தம்பி?”

“ஓம், அம்மா.”

“நல்ல முகவெட்டு. எப்ப செத்தவர்?”

கையை எடுக்காமல் சொன்னேன்:

“போன வருசம். நான் பக்கத்தில நிண்டனான்.”